தலைச்சுமையும் உரிமச் சீட்டும்

திருவிழாக் காலத்தில் தேக்கா சந்தையில் பூவும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு ஆலயத்திற்கு வருகின்ற நம்மில் பலர், ஒரு காலத்தில் சிங்கப்பூரின் சிறு வாணிபத்தில் பெரும்பங்கு தெருவிலேயே நடந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வேலையின்மை மிகுந்திருந்தது. கைம்முதல் இல்லாதவருக்குத் தெரு ஒன்றே கதியாயிற்று. தமிழருள் சிலர் சரபத் கடை வைத்து இஞ்சித் தேநீர் ஆற்றினர். சிலர் இடியாப்பக் கூடையைத் தலையில் சுமந்து வீடு வீடாகச் சென்றனர். கடலையும் பட்டாணியும் நிறைந்த தட்டைத் தலையில் ஏந்தி, பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கச்சாங் பூத்தே விற்றவர்களைத் திரையரங்கு வாயில்களில் கண்டதாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இவர்களின் நிலையை ஆராயப் பேராசிரியர் சில்காக் தலைமையில் 1950ஆம் ஆண்டு ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆயினும் பெரிய மாற்றம் 1968, 1969ஆம் ஆண்டுகளில் நடந்த பதிவோடுதான் தொடங்கியது. தெருவில் விற்ற ஏறத்தாழ 18,000 பேர் பதிவு செய்யப்பட்டனர். 1971 முதல் உணவங்காடி நிலையங்கள் எழுந்தன; 1986க்குள் இடமாற்றம் முடிவுற்றது.

அரசுப் பணியில் இருப்பவன் என்பதற்காக நான் இதைப் புகழவில்லை. குழாய் நீரில்லாத தெருவில் ஒரே வாளித் தண்ணீரில் பாத்திரங்கள் கழுவப்பட்டன. கழிவு சாக்கடை வழியாக ஆற்றில் கலந்தது. நோய்க்கு அதுவே வழியாயிற்று. விற்பவரை வெறுமனே விரட்டாமல், குறைந்த வாடகையில் கூரையும் குழாயும் கொடுத்தது நற்செயலே.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஓரிடத்தில் நின்று விற்றவருக்குக் கடைக்குப் பதில் கடை கிடைத்தது. நடந்து விற்றவரின் தொழிலோ நடையில் இருந்தது. அவரை எதிர்பார்த்து வாசலில் நின்ற வீடுகளும் கம்பங்களிலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்துவிட்டன. நான்கு சுவருக்குள் அவருக்கு இடம் கொடுத்தாலும், அந்த வாசல்களை யாரால் கொடுக்க முடியும்? பழைய திரையரங்குகள் மூடப்பட்டதும் கச்சாங் பூத்தேக்காரரும் அரிதாகிப் போனார்.

1982இல் திறக்கப்பட்ட இன்றைய தேக்கா நிலையத்திற்கு முதலில் 'சூச்சியாவ்' என்று பெயர். நம்மவர் நாவில் அது ஒட்டவேயில்லை! 2000ஆம் ஆண்டில் பழைய பெயரே திரும்பியது. 2020 டிசம்பரில் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றது. அன்று நாளிதழ்களில் உணவங்காடி நிலையங்களைக் கண்டு மகிழ்ந்தேன். தலைச்சுமைக்காரரின் நினைவும் கூடவே வந்தது.

பஃபலோ சாலையிலும் கேம்பல் லேனிலும் நடைபாதையை ஒட்டி இன்றும் மல்லிகை தொடுக்கின்றனர். நாளை அம்மனுக்குச் சாத்தப்படும் மாலையும் அங்கிருந்துதான் வருகிறது.