ஆயுதச் சட்டமும் நம் நாட்டு மானமும்

பெஹாலாவில் வாழும் தமிழராகிய நாம், கல்கத்தா இந்தியத் தலைநகராயிருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை இம்மலரில் நினைவு கூர்தல் பொருத்தமாகும்.

1878-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் ஆட்சி ஆயுதச் சட்டத்தை இயற்றியது. லைசென்சு இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் இந்தியருக்குக் குற்றமாயிற்று; ஐரோப்பியருக்கோ விலக்களிக்கப்பட்டது. சொந்த நாட்டில் நாம் ஐயத்திற்குரியவரானோம்.

1887-இல் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் மூன்றாவது காங்கிரஸ் கூடியது. அங்கே, வங்கத்திலிருந்து வந்த இளைஞர் விபின் சந்திர பால் இச்சட்டத்தைக் கண்டித்து முழங்கினார். வங்கத்தின் மனக்குறை தமிழ் மண்ணில் ஒலித்தது! கெஞ்சிக் கேட்டுப் பயன் காணாத தலைமுறை, 1914 ஆகஸ்டில் கல்கத்தா ராடா கம்பெனியின் 50 மௌசர் பிஸ்டல்களைக் கவர்ந்து சென்றது.

1931-இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருத்தலைக் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆயினும் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அவ்வுரிமையைக் கோரியபோது, டாக்டர் அம்பேத்கர் மறுத்தார், திருத்தம் தோற்றது. 1959-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. லைசென்சு முறை நீடிக்கிறது. நிறவேற்றுமை அதில் இல்லை.

அன்று கேட்ட உரிமையைச் சுதந்திரம் வந்தபின் நம்மவரே மறுத்தது முரண்பாடோ? அன்று என நாம் கருதுகிறோம். முன்னோரை வருத்தியது துப்பாக்கி இல்லாக் குறையன்று. சமநீதி இல்லாக் குறையே. அக்குறை தீர்ந்தபின் கட்டுப்பாட்டை நாமே ஏற்பது இழுக்காகாது.