பஞ்சப்படியும் பவர் டேபிளும்

('தொழிலாளியின் வாழ்வை உயர்த்துவது முதலாளியின் மனமா? சங்கத்தின் பலமா?' என்ற பட்டிமன்றத்தில், 'சங்கத்தின் பலமே' என்னும் அணியில் ஆற்றிய உரை)



நான் தமிழ் வாத்தியார். சங்கம் என்று சொன்னால் எனக்கு முதல், இடை, கடை என்று மூன்று தெரியும். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையிலே வைத்தது நான்காவது. அதோடு நிறுத்திக்கொள்ளாமல் பனியன் தொழிலாளர் சங்கத்துக்கு ஏன் வந்தாய் என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, எனக்குச் சோறு போடுவது தமிழ்தான். ஆனால் உடம்பிலே கிடப்பது திருப்பூர்ப் பனியன்! (சிரிப்பு)

அந்தப் பனியன் என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். அது தமிழ்ச் சொல் அல்ல. வாணிபம் செய்கிற குஜராத்தியை 'வாணியா' என்றார்கள். போர்ச்சுக்கீசியர் வாயிலே அது 'பனியன்' ஆச்சு. வெள்ளைக்காரன் அதை ஒரு சட்டைக்குப் பெயராக வைத்தான். அது நம்ம ஊருக்கு வந்து உள்சட்டை ஆச்சு. ஆக, நூல் நூற்றவன் பெயரும் அதில் இல்லை, தைத்தவன் பெயரும் இல்லை. உடுப்புக்கே வணிகன் பெயர்தான்! பேரிலேயே இப்படி என்றால் பேரத்திலே எப்படி இருக்கும் என்று நடுவர் யோசிக்க வேண்டும். (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி அழகாகப் பேசினார். "திருப்பூரிலே முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவிலே சுவரே கிடையாதுங்க. நேத்து மிஷின்ல உட்கார்ந்தவர்தான் இன்னிக்கு ஓனர். அவருக்குத் தெரியாதா தொழிலாளி கஷ்டம்? அங்கே எதுக்குச் சங்கம்?" என்று கேட்டார். பாதி உண்மை. அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரிலேயே தங்கிப் பார்த்து 2004-இல் ஒரு புத்தகம் போட்டார். அவர் கண்டதும் அதுதான். காட்டிலே மாடு ஓட்டிய குடியானவப் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, கட்டிங்கும் தையலும் கற்று, பிறகு சொந்தமாகக் கம்பெனி வைத்தார்கள். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் 'உழைப்பு' என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார்கள். பெருமையான விஷயம்தான்.

ஆனால் மீதிப் பாதி 1984-இல் இருக்கிறது. அதைச் சகோதரி சொல்லவே இல்லை.

1984-லே திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை நடுவர் அவர்களே, நூற்று இருபத்தேழு நாள்! சனிக்கிழமை சம்பளம் வாங்கினால்தான் ஞாயிற்றுக்கிழமை சந்தை என்று வாழ்கிற ஊர் அது. 127 நாள் என்றால் 18 சனிக்கிழமை. 18 வாரம் மளிகைக் கடைக்காரர் முகத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

எதற்காக? பஞ்சப்படிக்காக. இந்தச் சொல்லிலே கொஞ்சம் நிற்கிறேன், வாத்தியார் புத்தி. படி என்பது அளக்கிற படி. பஞ்ச காலத்திலே அளந்து கொடுப்பது பஞ்சப்படி. விலைவாசி ஏற ஏறச் சம்பளமும் கூடவே ஏற வேண்டும் என்பது அதன் கணக்கு. தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பதும், மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதுவதும் நல்ல மனம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரிசி விலை எட்டணா ஏறினால் என் கூலி எவ்வளவு ஏறும் என்று தாளிலே எழுதிக் கையெழுத்துப் போடு என்று கேட்டார்கள் பாருங்கள், அதற்குப் பெயர் உரிமை. நேற்று வரை பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்தவரிடம், கூடப் பிறந்தவர் மாதிரி பழகியவரிடம், அந்தக் கையெழுத்தை வாங்க 127 நாள் ஆச்சு! சுவரே இல்லாத ஊரிலே இந்த நிலைமை. (கைதட்டல்) பஞ்சப்படி அப்புறம் வந்த ஒப்பந்தங்களிலே தனி இனமாக ஏறியது. சங்கங்களும் முதலாளிகளும் உட்கார்ந்து ஊர் முழுவதற்கும் ஒரே கூலி ஒப்பந்தம் போடுகிற வழக்கமும் நிலைத்தது.

சரி, ஜெயித்தாச்சு என்று வீட்டுக்குப் போனார்களா? அங்கேதான் கதை திரும்புகிறது.

பழைய சங்கம் எப்படிப் பிறந்தது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். 1918 ஏப்ரல் 27-இல் சென்னையிலே தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தார்கள். பி.பி. வாடியா, நம்முடைய திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் சேர்ந்து நின்றார்கள். பின்னி கம்பெனி உயர் நீதிமன்றம் போய்த் தலைவர்கள் மேலேயே தடை வாங்கியது. அந்த வழக்கெல்லாம் சேர்ந்துதான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அங்கே ஒரு வசதி இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் போய் வருவதற்கு ஒரே மில், ஒரே வாசல். வாசலிலே நின்று திரு.வி.க. பேசினால் எல்லார் காதிலும் விழும்.

திருப்பூரிலே 1984-க்குப் பிறகு அந்த வாசலே இல்லாமல் போச்சு. ஒரு கூரையின் கீழ் நடந்த வேலை துண்டு துண்டாக வெளியே போனது. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், கட்டிங் ஒரு இடம், தையல் பவர் டேபிளுக்கு, காஜா பட்டன் இன்னொருத்தருக்கு. மாச, வாரச் சம்பளம் போய்ப் பீஸ் ரேட் வந்தது. நடுவிலே காண்ட்ராக்டர் வந்தார். எல்லாம் வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்கத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அப்போதுதான் ஏற்றுமதியும் வேகம் பிடித்தது. ஆர்டர் வந்தால் இரவு பகல் கிடையாது, வராவிட்டால் ஈ ஓட்ட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சுபாவம். ஆனாலும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி வேறில்லை. 20 பேர் இருந்தால் பி.எஃப்., 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்று சட்டம் சொன்னால், 19 பேராகவும் 9 பேராகவும் பிரித்துவிட்டால் போயிற்று! தொழிற்சாலைச் சட்டத்துக்கும், மின்சாரம் போட்டு ஓட்டும் இடத்தில் 10 பேர் என்றுதான் கணக்கு இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கிவிட்டது. பிரிப்பவர்களுக்கு அந்தச் சிரமமும் மிச்சம்.

லீவு நாளில் பனியன் கம்பெனிக்குப் போகும் என் மாணவன் ஒருவனிடம், "உன் முதலாளி யாருப்பா?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "எந்த முதலாளியைங்கய்யா கேக்கறீங்க? துணி ஒருத்தருதுங்க, மிஷின் ஒருத்தருதுங்க, எங்களைக் கூட்டியாந்தது காண்ட்ராக்டருங்க. லேபிள்ல இருக்கிற பேரை எனக்குப் படிக்கவே வரலைங்க." (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். அவன் சிரிக்காமல்தான் சொன்னான். முதலாளியின் மனம், மனம் என்று எதிரணி முழங்குகிறதே, அந்தப் பையன் யார் மனசைப் போய்த் தட்டுவான்?

எங்கள் அணியையும் நான் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவர் கேட்பார். ஏற்றுமதிக் காலத்திலே தையல் மிஷினுக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அப்புறம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களைத் தேடிச் சங்கம் எவ்வளவு தூரம் போனது? மேடையிலே இருந்தது ஆண்கள், கோஷம் தமிழிலே. நூற்பாலைகளிலே 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, மூன்று வருஷம் விடுதியிலே அடைத்து, முடிவிலே கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொன்னார்களே! வரதட்சணையைத் தடுக்க 1961-லேயே சட்டம் வந்த நாட்டிலே, அதற்குப் பணம் சேர்க்கிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளை எடுத்தார்கள். அந்த விடுதிக் கதவுக்கு உள்ளே சங்கம் போக முடியவில்லை.

எதிரணித் தம்பி ஒருவர், "சங்கம் வந்தால் தொழில் போய்விடும்" என்றார். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் 1990-இல் தங்களுக்கு ஒரு சங்கம் வைத்தார்கள். நல்ல காரியம். பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் டெல்லி வரை ஒன்றாகப் போய்க் கேட்டார்கள். தொழில் போய்விட்டதா? வளர்ந்தது. முதலாளி சங்கம் வைத்தால் வளர்ச்சி, தொழிலாளி வைத்தால் வம்பா? இது என்ன நியாயம்! (பலத்த கைதட்டல்)

கடைசியாக ஒன்று, நடுவர் மணியிலே கை வைக்கிறார். திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு ஏற்றுமதி நிறுவனத்தைச் சேர்ந்த ஆலை திண்டுக்கல் பக்கம் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் உறுப்பினராக இருந்தது பெண்களே தலைமை தாங்கிய ஒரு சங்கம், தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். அவர்கள் ஆலை வாசலோடு நிற்கவில்லை. என் மாணவன் படிக்க முடியாத அந்த லேபிளைப் படித்தார்கள்! வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, சட்டை வாங்குகிற எச் அண்ட் எம் கம்பெனி வரை போனார்கள். 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மிஷினில் உட்கார்கிற பெண்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, தொந்தரவு எங்கே நடக்கிறது என்று கண்காணிக்கலாம், புகார் சொல்லலாம். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்குகிற கம்பெனி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அந்தக் கம்பெனிக்காரர்கள் தாமாக மனமிரங்கி வந்து கையெழுத்துப் போட்டார்களா என்பதை, அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் இந்த மேடைக்குச் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது.