120 நிமிடம்: ஓர் அளவீட்டின் மறுவாசிப்பு

வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கைச் சூழலில் கழித்தால் உடல்நலம் மேம்படும் என்ற கூற்று இன்று மருந்தளவைப் போலவே எடுத்தாளப்படுகிறது. மேத்யூ வைட் குழுவினர் 2019இல் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையே இதற்கு மூலம். இதை மருந்தளவாகக் கொண்ட ஆய்வாளர்கள் அதன் முடிவுகளைப் படித்த அக்கறையோடு அளவீட்டு முறையைப் படிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் 19,806 பேரிடம் பெற்ற தரவு அது. சென்ற வாரம் வெளியே போகாதவர்களோடு ஒப்பிட, 120 முதல் 179 நிமிடம் வரை கழித்தவர்கள் தம் உடல்நலம் நன்று என்று சொல்வதற்கான வாய்ப்பு விகிதம் 1.59. 120க்குக் கீழே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே நீண்ட உலாவா, பல சிறு உலாக்களா என்பது பொருட்டல்ல என்பதும் அவர்கள் முடிவு.

இந்த நிமிடங்கள் எண்ணப்பட்டவை அல்ல, பெருக்கப்பட்டவை. வாரத்தில் எத்தனை முறை போனீர்கள் என்று கேட்டார்கள். அவற்றுள் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, அதற்கு மட்டும் நேரம் கேட்டார்கள். அந்த நேரத்தை எண்ணிக்கையால் பெருக்கினார்கள். ஒரு பெண் ஐந்து நாள் நாயோடு இருபது இருபது நிமிடம் நடக்கிறார், ஞாயிறன்று இரண்டு மணி நேரம் கடற்கரையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மைக் கணக்கு 220 நிமிடம். குலுக்கலில் நாய்நடை வந்தால் அவர் 120 நிமிடக்காரர். ஞாயிறு வந்தால் 720 நிமிடக்காரர். அவருக்கு உரிய 180–239 என்ற பிரிவில் அவர் ஒருபோதும் விழமாட்டார்.

பல்லாயிரம் பேரில் இப்பிழை சமனாகிவிடும் என்பர். சராசரி சமனாகும், மேலே சொன்ன பெண்ணுக்கே சராசரி சரியாக 220தான். ஆனால் 120 போன்ற வாசல் எண் என்பது சராசரியைப் பற்றிய கூற்றன்று, யார் எந்தப் பிரிவில் விழுகிறார் என்பதைப் பற்றியது. தவிர, பிரிவுகள் அறுபது அறுபது நிமிடமாக வகுக்கப்பட்டவை. 120 அவற்றுள் ஒன்றின் விளிம்பு. உலாக்களின் நீளம் பொருட்டல்ல என்ற முடிவுக்கும், நெடியதும் குறியதும் கலந்த வாரங்கள் சான்றாக நிற்க முடியாது.

நலமுள்ளவர்களே வெளியே போகிறார்கள் என்ற மறுப்பு இங்கே பெரிதாக உதவாது. நாட்பட்ட நோயுள்ளவர்களிடமும் இதே போக்கை அக்கட்டுரை காட்டியிருக்கிறது. தொடர்பு உண்டு என்பதை நான் ஐயுறவில்லை. எண்ணைத்தான் ஐயுறுகிறேன்.

வெளியே போகாதவர்களின் சுழியப் பிரிவு இன்னும் சிக்கலானது. சொந்த வீட்டுத் தோட்டத்தில் கழித்த நேரத்தை அந்தக் கணக்கெடுப்பு சேர்க்கவில்லை. நகக்கண்ணில் மண் ஒட்ட, வாரம் முழுதும் கொல்லையில் தக்காளிக்குக் கழி ஊன்றிக் கட்டிய முதியவரும், அறையைவிட்டு நகராதவரும் அங்கே ஒரே சுழியம். அந்தச் சுழியத்தோடு ஒப்பிட்டுத்தான் குறுகிய உலாவால் பயன் தெரியவில்லை என்கிறார்கள்.

இது வெறும் புள்ளியியல் வழக்கன்று. 2021இல் இங்கிலாந்தின் ஏழு பகுதிகளில் பசுமைச் சமூகப் பரிந்துரைத் திட்டம் தொடங்கியது. மனச்சோர்வுற்ற ஒருவரைக் கூட்டுத் தோட்டத்துக்கோ நடைக்குழுவுக்கோ சேர்த்துவிடுவது அங்கே இணைப்புப் பணியாளரின் வேலை. முதல் நாள் வாசல்வரை வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புகிறவரை, இலக்கில் 110 நிமிடம் குறைந்தவர் என்று பதிவேட்டில் எழுத இந்தத் தரவு இடம் தரவில்லை.