நனையாத நாண்

வில் என்றதும் அது எவ்வளவு தூரம் எய்யும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கென்னவோ, எய்யாத நேரத்தில் அதை எப்படிப் பாதுகாத்தார்கள் என்பதில்தான் ஆர்வம்.

1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையில், 3,210 மீட்டர் உயரத்தில் பனியிலிருந்து வெளிப்பட்ட ‘ஓட்சி’ சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர். கூடவே 1.82 மீட்டர் நீள யூ மர வில் கிடைத்தது. இன்னும் செதுக்கி முடிக்காதது, நாண் பூட்டவில்லை. அப்போ நாண் எங்கே? தோல் அம்பறாத்தூணிக்குள் 14 அம்புகளோடு பத்திரமாக இருந்தது. அது விலங்கின் தசைநாரை முறுக்கிச் செய்தது என்று பின்னாளில் ஆய்வு சொன்னது. தசைநார் வலுவானதுதான், ஆனால் ஈரம் பட்டால் தளர்ந்துவிடும். பனிமலையில் நாண் நனைந்தால் அன்றைக்குப் பட்டினிதான்.

2003 கோடையில் சுவிட்சர்லாந்தின் ஷ்னிடேயோக் கணவாயில் பனி உருகியபோது ஒரு வில்லுறையே கிடைத்தது. பிர்ச் மரப்பட்டையில் செய்தது, காலம் ஏறக்குறைய கி.மு. 2800. பிர்ச் பட்டையில் தண்ணீர் இறங்காது. உறைக்குள் இருக்கும் வில் நனையாது, புதரிலும் மாட்டாது.

அடுத்தது சத்தம். விநாடிக்கு 50 மீட்டர் போகும் அம்பு, 20 மீட்டர் தள்ளி நிற்கும் மானை எட்ட 0.4 விநாடி ஆகும். நாணொலி 0.06 விநாடியிலேயே அதன் காதுக்குப் போய்விடும். துள்ளி விலக மானுக்கு அது போதும். இன்றும் மரவில் வேட்டைக்காரர்கள் நாணில் பீவர் ரோமம் கட்டுவது அந்த அதிர்வை அடக்கத்தான். கம்பளி நூலும் அடக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சிக் குளிரில் விறைத்துப்போகும். பீவரோ பனியாற்றில் நீந்துகிற பிராணி, அதன் ரோமம் லேசில் ஊறாது.