கப்று இல்லாத சியாரம்

நாகூருக்குப் போய்வந்த பின்னர்தான் எங்கள் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியை நான் சரியாகப் பார்த்தேன். சிறு வயதில் மூத்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போன இடம் அது. ஜமாதுல் ஆகிர் பிறை பிறந்தால் மனாராவில் கொடி ஏறும். பக்கீர்மாரின் றபான் முழங்கும். கடைசியில் கந்தூரிச் சோறு. அதற்கு மேல் நான் எதையும் கேட்டதில்லை.

நாகூரில் அண்ணாந்து நின்றேன். ஷாஹுல் ஹமீது ஆண்டகை அடங்கியுள்ள அந்தத் தர்காவில் ஐந்து மனாராக்கள். மிக உயர்ந்தது 131 அடி. 18ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இந்து மன்னர் ஒருவர் எழுப்பிய மனாராவைப் பார்த்துத்தான் எத்தனையோ மரைக்காயர்கள் கரையை அடையாளம் கண்டிருப்பார்கள்.

அந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் போன துறைகளிலெல்லாம் ஆண்டகையின் பெயரையும் இறக்கினார்கள். பினாங்கில் ஒரு நாகூர் தர்கா உண்டு. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் 1828 - 1830 காலத்தில் எழுந்த இன்னொன்று, 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இவற்றில் ஆண்டகையின் கப்று இல்லை. கல்முனைக்குடியிலும் இல்லை.

கப்று இல்லாத இடத்தில் சியாரம் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உண்டு. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். வரலாறு சொல்வது வேறொன்று: எங்கள் முன்னோருக்குக் கடல் எல்லையாக இருக்கவில்லை. அக்கரையின் மனாராவுக்கு இக்கரையிலும் ஒரு மனாரா வைத்தார்கள். அங்கு ஏறும் கொடியை இங்கும் ஏற்றினார்கள். அவர்கள் எழுதிவைக்காத கடற்பயணங்களுக்கு இந்தக் கட்டடம்தான் சாட்சி.

2004 டிசம்பர் 26இல் ஒரே பேரலை இரு கரைகளையும் அடித்தது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டமும் இலங்கையில் எங்கள் அம்பாறை மாவட்டமும்தான் அதிக உயிர்களைப் பறிகொடுத்தன. கடற்கரைப் பள்ளி சிதைவுற்றும் நின்றது; அதைச் சூழ்ந்திருந்த வீடுகள் நிற்கவில்லை. பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்ற விதி வந்தது. அது தளர்த்தப்படுவதற்குள் பலர் கடலைவிட்டுத் தள்ளிக் குடியேறிவிட்டார்கள்.

வீடுகளோடு பெட்டியிலிருந்த ஏடுகளும் போயின. கதை சொல்லக்கூடிய முதியோரும் போயினர். அண்மையில் ஓர் அஸருக்குப் பின் பள்ளியின் வாசலில் நின்றபோது, கரைவலை இழுத்துக் களைத்த ஓர் இளைஞரிடம் இந்த மனாராவின் கதையைக் கேட்டேன். "வாப்பாக்குத் தெரிஞ்சிருக்கும், காக்கா" என்றார். வாப்பா சுனாமியில் மௌத்தாகிவிட்டார்.

இந்தப் பள்ளியை அளந்து ஒரு வரைபடமேனும் நாம் எடுத்து வைக்க வேண்டும். பழைய புகைப்படம், கந்தூரிக் கணக்கு, கொடியேற்ற அழைப்பிதழ் என எது வைத்திருப்பவரும் அதற்கொரு பிரதி தர வேண்டும். நாகூரைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். கல்முனைக்குடியைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.