வடம் பிடிக்க யார் வருவார்? – மோசில்லா சொல்லும் பாடம்

ஊர் கூடித் தேர் இழுப்பது எளிது என்று எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் தேர் இழுத்தறியாதவர்கள். கூட்டம் வந்துவிடும். ஆனால் வடத்தில் கைவைக்க இடமில்லையெனில், வந்த கூட்டம் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்து போகும். இதை நான் நூல்களில் படித்து அறியவில்லை. என் சொந்தத் தோல்வியிலிருந்து அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு மாணவர்களைக் கொண்டு வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்க முனைந்தேன். அகர வரிசை, இலக்கணக் குறிப்பு, பொருள் விளக்கம், எடுத்துக்காட்டு என்று பதினெட்டுப் பக்கத்தில் விதிமுறைகள் எழுதினேன். முதல் கூட்டத்திற்கு நாற்பது பேர் வந்தனர். மூன்றாம் மாதம் நானும் என் விதிமுறைகளுமே எஞ்சினோம். மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று நெடுநாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். பின்னர் மோசில்லா என்னும் திறமூல மென்பொருள் திட்டத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் குறை எங்கிருந்தது என்பது புலனாயிற்று. அவ்வரலாற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்ணூறுகளின் நடுவில் இணையம் என்றாலே நெட்ஸ்கேப் உலாவிதான். மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸுடன் இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியதும் நெட்ஸ்கேப்பின் சந்தை சரிந்தது. அந்நிலையில், 1998 ஜனவரி 22 அன்று, தன் உலாவியின் மூலநிரலை உலகிற்கே திறந்துவிடப் போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. லினக்ஸ் வளர்ந்த விதத்தை ஆராய்ந்து எரிக் ரேமண்ட் 1997இல் எழுதிய கட்டுரை இம்முடிவுக்குத் தூண்டுகோலாக இருந்தது. ‘ஓபன் சோர்ஸ்’ என்னும் சொல்லே இவ்வறிவிப்பைத் தொடர்ந்து, பிப்ரவரித் தொடக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் பிறந்தது.

1998 மார்ச் 31 அன்று மூலநிரல் வெளியாயிற்று. ஆயிரக்கணக்கானோர் அதை இறக்கிக்கொண்டனர். கதவைத் திறந்தாயிற்று, இனி உலகத்து நிரலாளர்கள் எல்லாம் உள்ளே வந்து வேலை செய்வார்கள் என்று பலரும் நம்பினர். அவ்வாறு நடக்கவில்லை.

ஆனால் முதல் நாளிலேயே ஒரு வியப்பு நிகழ்ந்தது. மறைகுறியாக்க நிரலை ஏற்றுமதி செய்வதற்கு அமெரிக்கச் சட்டம் அன்று தடை விதித்திருந்தது. எனவே அப்பகுதியை நெட்ஸ்கேப் வெட்டி எடுத்துவிட்டே வெளியிட்டது. அச்சட்டம் எட்டாத ஆஸ்திரேலியாவில் இருந்த சில நிரலாளர்கள், ஒரு நாளுக்குள் அந்த இடைவெளியை நிரப்பி, பாதுகாப்பு வசதியோடு கூடிய உலாவியை வெளியிட்டுவிட்டார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை, ஊதியமும் இல்லை. எது குறைகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதை நிரப்பும் திறன் அவர்களிடம் இருந்தது. நிரப்பியவுடன் பயன் கைமேல் தெரிந்தது. அவ்வளவுதான்.

மற்ற இடங்களில் இம்மூன்றும் இல்லை. வெளியான நிரல் மிகப் பெரியது, சிக்கலானது. பிறருக்கு உரிமையான பகுதிகள் நீக்கப்பட்டிருந்தமையால் முழுமையாக இயங்கும் நிலையிலும் இல்லை. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி உதவ வந்தவருக்கு, எங்கே தொடங்குவது என்று கண்டுபிடிக்கவே அந்த மாலை போதவில்லை. போதாக்குறைக்கு, பழைய நிரலில் இனிப் பயனில்லை எனக் கருதி, 1998 அக்டோபரில் பக்கங்களை வரையும் பகுதியைக் கைவிட்டு, பின்னாளில் கெக்கோ எனப் பெயர்பெற்ற புதிய பொறியின்மீது எல்லாவற்றையும் கட்ட முடிவெடுத்தார்கள். தொழில்நுட்ப நோக்கில் அம்முடிவுக்கு நியாயம் உண்டு. ஆனால் பயன்படுத்தத்தக்க பொருள் ஒன்று கையில் கிடைக்கும் நாள் பல ஆண்டுகள் தள்ளிப்போயிற்று.

திட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜேமி ஸவின்ஸ்கி ஓராண்டு முடிவில் மனம் வெதும்பி விலகினார். அப்போது அவர் எழுதிய கடிதம் இத்துறையில் ஓர் ஆவணமாகவே மதிக்கப்படுகிறது. நெட்ஸ்கேப்பின் முழுநேர ஊழியர் நூறு பேர், வெளியிலிருந்து பகுதிநேரமாக உதவியவர் முப்பது பேர் என்பது அவர் தந்த கணக்கு. இந்நிலையில் திட்டம் பெயரளவில் பொதுவானதே தவிர, உண்மையில் நிறுவனத்துக்கே உரியதாக இருந்தது என்பது அவர் வருத்தம். செத்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் திறமூலம் என்று பெயர் சூட்டியே உயிர்ப்பித்துவிட முடியாது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

திட்டம் சாகவில்லை. அதைப் பிழைக்க வைத்தவை பேரறிவிப்புகள் அல்ல, சிறு ஏற்பாடுகள். பக்ஸில்லா என்னும் பிழைப்பதிவேடு 1998இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நிரலெழுதத் தெரியாதவரும் தாம் கண்ட பிழையை அதில் பதியலாம். உதவி தேவை என்று குறியிடப்பட்ட வேலைகளில் ஒன்றை எவரும் எடுத்துக்கொள்ளலாம். யார் எழுதிய நிரலாயினும் மற்றொருவர் படித்து ஒப்புதல் தந்த பின்னரே சேர்க்கப்படும். தேரின் சக்கரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவரைப் போன்றது அவ்வேலை. அவருக்குக் கைத்தட்டல் இல்லை. அவர் இல்லையென்றால் தேர் வீட்டுச் சுவரில் போய் மோதும். இவற்றோடு, எந்தப் பதிப்பு எப்போது வரும் என்னும் வழித்திட்டத்தை பிரெண்டன் ஐக் பொதுவில் எழுதி வைத்தார். நிறுவனத்தின் அவசரத்திற்கு இணங்கி 2000 நவம்பரில் அரைகுறையாக வெளியிடப்பட்ட நெட்ஸ்கேப் 6 பெற்ற அவப்பெயரையும் பொறுத்துக்கொண்டு, 2002 ஜூன் 5 அன்று மோசில்லா 1.0 வெளிவந்தது. மூலநிரலைத் திறந்து நான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

அதற்குப் பின் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. மோசில்லா உலாவி, அஞ்சல், பக்க வடிவமைப்பு என எல்லாவற்றையும் சுமந்து பருத்திருந்தது. ஆளுக்கொரு வசதியைச் சேர்க்க, மறுப்பவர் இல்லாமற் போனதன் விளைவு அது. டேவ் ஹையாட்டும், அப்போது பதின்வயதினரான பிளேக் ராஸும் உலாவியை மட்டும் தனியே பிரித்துச் சிறியதாகச் செய்ய முனைந்தார்கள். முதற்கட்டத்தில் நிரலை மாற்றும் உரிமை மிகச் சிலருக்கே என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். திறமூலத்தில் இப்படியொரு கட்டுப்பாடா என்று தோன்றலாம். ஆனால் 2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வெளிவந்து, இருமுறை பெயர் மாறி, 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்பாக்ஸ் 1.0 ஆக நிலைபெற்றது அச்சிறு முயற்சியே. இடையில், 2003 ஜூலையில், ஏஓஎல் நிறுவனம் அளிக்க முன்வந்த இருபது லட்சம் டாலர் உதவியுடன் மோசில்லா அறக்கட்டளை தனித்து நிற்கத் தொடங்கியிருந்தது.

அப்படியானால் மற்றவர்களுக்கு என்ன வேலை? நிரலின் நடுப்பகுதியைச் சிலர் காத்தனர். நீட்சிகள் எழுதுவது, மொழிபெயர்ப்பது, சோதிப்பது, நண்பர்களிடம் பரப்புவது ஆகியவை எல்லாருக்கும் திறந்திருந்தன. 2004 டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இரண்டு பக்க விளம்பரம் வந்தது. அதற்குப் பணம் தந்த ஏறத்தாழ பத்தாயிரம் பேரின் பெயர்களும் அதில் அச்சாகியிருந்தன. வடம் பிடித்த கை ஒவ்வொன்றும் எண்ணப்பட்டது என்பதே அதன் பொருள்.

நம்மில் பலர் ‘நெருப்பு நரி’ என்று செல்லமாக அழைத்த உலாவி இதுவே. இருபுறமும் சமன்செய்த தமிழ்ப் பத்திகளில் எழுத்துகள் உடைந்து சிதறியதும், 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில் அக்குறை நீங்கியதும் பழைய வலைவாசகர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வரலாற்றைப் படித்து முடித்தபின் என் பதினெட்டுப் பக்க விதிமுறைகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு மாணவி ஒரு மாலையில் செய்து முடித்து, ‘இது நான் செய்தது’ என்று வீட்டில் காட்டக்கூடிய வேலை அதில் ஒன்றுகூட இல்லை. சென்ற பருவத்தில் மீண்டும் தொடங்கினோம். இம்முறை விதி ஒன்றே: உன் பாட்டியிடம் கேட்டு, சமையலறைச் சொற்கள் பத்து எழுதி வா. வரிசையும் இலக்கணக் குறிப்பும் என் பொறுப்பு. பதினோரு பேர் எழுதி வந்தார்கள். ஒவ்வொரு சொல்லின் கீழும் கொண்டுவந்தவர் பெயரைக் குறித்து வைத்தேன். அடுத்த வாரம் அவர்களுள் ஒன்பது பேர் மீண்டும் வந்தார்கள்.