இசைத்தட்டில் எழுதிய பெயர்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், மாதவியின் ஆடலைவிட, ஆடல் முடிந்தபின் தெருவில் நடப்பதிலேயே என் மனம் நின்றுவிடும். அரசன் தலைக்கோலிப் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் அளிக்கிறான். செல்வ இளைஞர் உலவும் தெருவில் ஒரு கூனி அம்மாலையை ஏந்தி நின்று, இதனை வாங்குபவர் மாதவிக்கு உரியவர் என்று விலை கூறுகிறாள். ஏழாண்டுப் பயிற்சி, அரசவையின் ஒப்புதல், அதன்பின் கடைத்தெரு. கலைஞரின் பெயரைச் சந்தைக்குக் கொண்டுவரும் முறைக்கு நம் இலக்கியத்தில் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கூனியின் வேலையை இருபதாம் நூற்றாண்டில் கிராமபோன் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. மாலைக்குப் பதிலாக இசைத்தட்டு. அதன் நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் அச்சான பெயரே பட்டம்.

1902ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அத்தட்டுகளில் இன்றும் கேட்கிறது. செருக்கினால் சொன்னதன்று. பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாக வார்க்கப்பட்டன. அங்குள்ள தொழிலாளர் யார் பாடியது என்று அறிந்து தாளை ஒட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை அமைந்தபின் அதன் தேவை குறைந்தது. ஆயினும் கேட்டவர் நெஞ்சில் பாட்டோடு பெயரும் பதிந்துவிட்டது. தொழிற்கூடத்தின் வசதிக்காகச் செய்தது விளம்பரமாகிவிட்டது!

தென்னாட்டில் தொடக்க காலத் தட்டுகளில் பாடியவர்கள் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் போன்றோர். ஆண் வித்துவான்கள் பலர் அந்தக் கூம்பு வாயின் முன் பாடத் தயங்கிய நாளில், இசையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குலத்துப் பெண்கள் துணிந்து பாடினர். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு மணித்துளிகளே கிடைக்கும். ஆலாபனையைச் சுருக்கி, பல்லவி அனுபல்லவியை விரைந்து முடித்தாக வேண்டும். பெயர்கள் மட்டும் விரிவாகவே நின்றன. சேலம், கோயம்புத்தூர், காஞ்சிபுரம் என்னும் ஊர்ப்பெயர் இசை மரபின் முத்திரை. அதனை மறைக்க எவருக்கும் அப்போது தோன்றவில்லை.

என் பாட்டியார் வீட்டில் சாவி கொடுத்து முடுக்கும் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. கே.பி. சுந்தராம்பாள் தட்டைச் சுழலவிட்டு, "கே.பி. என்பது பி.ஏ. போல ஒரு படிப்பு" என்று பாட்டியார் எனக்கு விளக்கம் சொன்னதுண்டு. பல்லாண்டுகள் அதை நம்பியிருந்தேன். கே என்பது கொடுமுடி, பி என்பது பாலாம்பாள், அவருடைய தாயார் பெயர் என்று அறிந்தது பின்னாளில். எம்.எஸ். என்பது மதுரை சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் தலைப்பெழுத்தில் இருப்பவர் அவருடைய தாயார் லலிதாங்கி; அவரும் இசைத்தட்டுகள் அளித்த பாடகியே.

இந்த எழுத்துகளை எளிதில் கடந்து போக என்னால் முடிவதில்லை. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்குக் குரல் எழுப்பினார். சட்டம் நிறைவேறியது 1947இல். இடைப்பட்ட இருபதாண்டுகள்தாம் இசைத்தட்டும் சபாவும் பேசும்படமும் சேர்ந்து வளர்ந்த காலம். 1928இல் சென்னை மியூசிக் அகாதெமி தோன்றியது. 1930களில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் பங்காளராக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளைத் தமிழ் வீடுகளுக்குக் கொண்டு சென்றது. பாடும் பெண்ணை நடுத்தர வீட்டுக் கூடத்துக்குள் அழைக்க வேண்டும். அவர் பிறந்த குலத்தைப் பற்றிய கேள்வியோ வாசலிலேயே நிற்க வேண்டும். தந்தை பெயர் எழுதும் இடத்தில் தாய் பெயர் விரிவாக நின்றால் அக்கேள்வி எழும். ஓர் எழுத்தாகச் சுருங்கினால் எழாது. தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதரின் மகளான டி.கே. பட்டம்மாளும் சண்முகவடிவின் மகளான எம்.எஸ். சுப்புலட்சுமியும் அச்சில் ஒரே தோற்றம் பெற்றனர்.

இதனை வணிகத்தின் சூது என்று மட்டும் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பழிச்சொல்லிலிருந்து காத்த கவசமும் அதுவே. ஆனால் அக்கவசத்துக்குள் தாயார் மறைந்து போனார்.

எம்.எஸ். அவர்களின் வாழ்வில் இம்மாற்றம் படிப்படியாகத் தெரிகிறது. 1926 அளவில், பத்து வயதில், தாயாரின் வீணை துணைவரப் பாடிய பாட்டு தட்டாக வந்தது. 1936இல் சென்னை வந்தார். 1938இல் ‘சேவாசதனம்’, 1940இல் ‘சகுந்தலை’ ஆகிய படங்களில் நடித்தார். 1940இல் அவரை மணந்த தி. சதாசிவம், ஆனந்த விகடனில் விளம்பரத் துறை அறிந்தவர். 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்துப் பெற்ற பொருள் ‘கல்கி’ இதழ் தொடங்க உதவியது. பிறகு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘மீரா’ 1945இல் வந்தது. 1947இல் வந்த இந்தி வடிவில் சரோஜினி நாயுடுவே திரையில் தோன்றி அவரை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். அத்தோடு எம்.எஸ். நடிப்பை விட்டார். பக்தை வேடம் கலைக்கப்படவில்லை. பட்டுப்புடவை, மல்லிகைச் சரம், இருபுறமும் ஒளிரும் மூக்குத்தி, அறக்கொடைக்கான கச்சேரிகள் ஆகியவற்றோடு அவ்வேடமே அவர் உருவமாயிற்று. 1963இல் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு வெளிவந்தபின் விடியற்காலை வீடுதோறும் அவர் குரல் புகுந்தது. அந்த உருவத்துக்கு ஈடு கொடுக்கும் இசை அவரிடம் இருந்தது. வெறும் விளம்பரம் இத்தனை காலம் தாங்கியிராது.

சுந்தராம்பாள் கதை வேறு. அங்கே உருவத்தை வனைந்தது துயரம். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், இருபத்தேழாம் வயதில், மறைந்தார். கிட்டப்பாவின் தட்டுகள் அதன்பின்னும் வீடுகளில் பாடிக்கொண்டிருந்தன. அம்மையார் வெள்ளுடை பூண்டார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண்வேடம் ஏற்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார், 1953இல் எஸ்.எஸ். வாசனின் ‘ஔவையார்’ ஆனார். இளமையில் கைம்மை எய்திய ஒருவரின் சொந்தத் துக்கத்தைத் திரையுலகம் நிலையான ஒப்பனையாக்கிக்கொண்டதை எண்ணும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. அதே உருவம் அவருக்கு அதிகாரமும் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: 1958இல் சென்னைச் சட்ட மேலவைக்குச் சென்றார்.

புனைபெயர் சூடும் கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தில் பெயரின் வலிமையை நான் விளக்க வேண்டியதில்லை. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் தம் பாட்டுத் தொடராலேயே பெயர் பெற்றார். அங்கே பாட்டு பெயரைத் தந்தது. தட்டில் பெயர் பாட்டை விற்றது.

சென்ற ஆண்டு முதுகலை மாணவியர்க்கு எம்.எஸ். அவர்களின் பழைய பதிவு ஒன்றைக் கேட்கச் செய்து, ‘எஸ்’ யார் என்று வினவினேன். "சதாசிவம்" என்றனர் பெரும்பாலோர். கரும்பலகையில் சண்முகவடிவு என்று எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, "அவர் என்ன வாசிப்பார் அம்மா?" என்று கேட்டாள். அன்றைய மீதிப் பொழுது வீணையைப் பற்றிய பேச்சில் கழிந்தது.